கைநாட்டிலிருந்து கணினி வரை: சட்டமும் கருவியும் நம் மக்களும்

ஒருவன் சொல்வதை வழக்குமன்றம் நம்ப வேண்டுமாயின் அவன் என்ன செய்தல் வேண்டும்? உண்மையைச் சொன்னால் போதும் என்பது அறநூல்கள் தரும் விடை. வரலாறு தரும் விடை வேறு. சொல்பவன் யார், அவன் சொல்லுக்குத் துணையாக எழுத்து உண்டா, அவ்வெழுத்தைக் காத்து வைத்திருப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களும் எழுந்து அடங்கிய பின்னரே உண்மை கேட்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்களைப் பொறுத்தவரை இம்மூன்று வினாக்களுக்கும் விடை நெடுங்காலம் அவர்களுக்கு எதிராகவே இருந்தது.

இன்று நம் இல்லங்களில் கைப்பேசி உண்டு; அலுவலகங்களில் கணினி உண்டு; வழக்குமன்றங்களில் ஒளிப்பதிவுக் கருவியும் காணொலித் திரையும் உண்டு. இவை வந்தமையால் நீதி எளிதாகிவிட்டது என்று மகிழ்வாரும் உளர். இவையனைத்தும் ஆதிக்கம் செலுத்துவோரின் புதுக் கருவிகளே என்று அஞ்சுவாரும் உளர். இரண்டும் முழு உண்மை ஆகா. ஓலை, பெருவிரல் ரேகை, பதிவேடு, ஒலிநாடா, கணினி என ஒவ்வொரு கருவியும் சட்டத்திற்குள் நுழைந்த வரலாற்றை உற்று நோக்கின், கருவியைக் காட்டிலும் அதனைப் படிக்கவும் காக்கவும் வல்ல மனிதனே வழக்கின் முடிவைத் தீர்மானித்தான் என்பது விளங்கும். கல்விக்கென்றே தோன்றிய ஒரு கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இவ்வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமேயாகும்.

அடிமை ஓலையும் கடன் சீட்டும்

தமிழகத்தில் கிடைத்துள்ள பழைய ஓலை ஆவணங்களுள் அடிமை ஓலைகள் என்று ஒரு வகை உண்டு. நிலத்தையும் மாட்டையும் விற்பது போல மனிதரை, அவர்தம் வழிமுறையினரையும் சேர்த்து, விற்றமைக்கும் ஒற்றி வைத்தமைக்கும் எழுதப்பட்டவை அவை. விற்றவரும் வாங்கியவரும் எழுதியவரும் அதன் பொருளை அறிவர். விற்கப்பட்டவர் அறிந்தது தம் உழைப்பு ஒன்றையே. நம் முன்னோர் பெயர்கள் எழுத்தேறிய ஏடுகளுள் அவர்களை விற்ற ஏடுகளும் இருந்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1843 ஆம் ஆண்டின் 5 ஆம் சட்டம் இந்நிலையைத் தொட்டது. அடிமை வைத்திருப்பதை அச்சட்டம் குற்றமாக்கவில்லை. அடிமையின் மீதுள்ள உரிமையை எந்த வழக்குமன்றமும் நிறைவேற்றித் தரலாகாது என்று மட்டுமே கூறிற்று. 1862 இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாயின. ஆயினும் ஓலை போன இடத்தில் கடன் சீட்டு வந்து அமர்ந்தது. திருமணத்திற்கோ ஈமச் சடங்கிற்கோ பெற்ற சிறு தொகைக்காகப் பண்ணையில் பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்தவர் பலர்.

1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் எழுத்துக்குத் தனி மதிப்பைத் தந்தது. ஓர் ஒப்பந்தம் எழுத்து வடிவம் பெற்றுவிட்டால் அதன் நிபந்தனைகளை வாய்மொழியால் மறுத்தல் இயலாது என்பது அச்சட்டத்தின் 91, 92 ஆம் பிரிவுகளின் சாரம். ஏமாற்றும் வஞ்சகமும் நடந்திருப்பின் மெய்ப்பிக்கலாம் என்று விலக்கு உண்டு. ஆனால் மெய்ப்பிக்க வேண்டியவன் யார்? படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவனே. படித்தவர் இருவரிடையே நேர்மையான விதி இது. படித்தவனுக்கும் படிக்கவிடாமல் தடுக்கப்பட்டவனுக்கும் இடையே இதே விதி சுமையாயிற்று.

இச்சுமையைச் சட்டமே இடம் மாற்றி வைத்த காலமும் வந்தது. 1975 இல் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1976 இல் நிலைபெற்ற கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அஃது அவ்வாறானதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில் ஏற்றிற்று. 1843 க்கும் 1976 க்கும் இடையே 133 ஆண்டுகள் கடந்தன. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒரு வரியில் மாற்றி எழுதச் சட்டத்திற்கு அத்தனை காலம் தேவைப்பட்டது.

பெருவிரலின் வரலாறு

கைநாட்டு என்றாலே எழுத்தறியாமையின் அடையாளம் என்று நாம் கருதுகிறோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மை தோய்த்த பெருவிரலைப் பிறர் பிடித்து அழுத்த, பின்னர் அம்மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்த முதியோரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆனால் அந்த ரேகை சட்டத்திற்குள் வந்த வரலாறு விந்தையானது.

1858 இல் வங்காளத்தில் வில்லியம் எர்செல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை வழங்கும் ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையைப் பதிவு செய்தார். பின்னாளில் ஒப்பந்தத்தை அவர் மறுத்துவிடக் கூடாதே என்னும் எண்ணமே இதற்குக் காரணம். 1877 இல் ஊக்ளியில் பத்திரப் பதிவு, ஓய்வூதியம், சிறை ஆகியவற்றில் விரல் ரேகையைப் பயன்படுத்த அவர் முற்பட்டார். 1897 இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ஆயிரக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் முறை எட்வர்டு ஹென்றி என்னும் காவல் தலைவரின் பெயரால் உலகெங்கும் பரவிற்று. அம்முறையை வகுப்பதில் கணக்கிட்டு உழைத்தோர் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர். அவர்தம் பங்கு பிற்காலத்திலேயே பேசப்பட்டது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்பது கைரேகையின் வரலாற்றிலும் பொய்க்கவில்லை. 1899 இல் சாட்சியச் சட்டமும் திருத்தப்பட்டு, விரல் ரேகை வல்லுநரின் கருத்து சான்றாக ஏற்கப்பட்டது.

ஒப்பந்தத்தில் தொடங்கிய ரேகை விரைவிலேயே மனிதர் மேல் பாய்ந்தது. 1871 இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911 ஆம் ஆண்டின் திருத்திய வடிவில் சென்னை மாகாணத்திலும் இடம்பெற்றது. பிறப்பினாலேயே குற்றவாளி என ஒரு கூட்டத்தாரை அறிவித்து, அவர்தம் ரேகையைப் பதிந்து, இரவில் வருகை தருமாறு கட்டாயப்படுத்திய சட்டம் அது. தமிழ் மக்கள் அதற்கு இட்ட பெயரே கைரேகைச் சட்டம் என்பது. 1920 ஏப்ரல் 3 ஆம் நாள், மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்து எதிர்த்து நின்ற மக்கள் மீது காவலர் சுட்டனர். பெண் ஒருவர் உட்படப் பலர் மாண்டனர். அவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லர். எனினும் பிறப்பைக் குற்றமாக்கும் அறிவீனத்தின் கொடுமை இன்னதென அறிந்த நமக்கு அவர்தம் துயர் அயலானதன்று. சென்னை மாகாணத்தில் 1940களின் இறுதியிலும், இந்தியா முழுவதும் 1952 இலும் அச்சட்டம் ஒழிந்தது.

அதே பெருவிரல் இன்று ஆதார் எண்ணுக்காகவும் பதியப்படுகிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளிலும் விரல் ரேகையைச் சரிபார்க்கும் கருவி வந்தது. நாற்று நட்டும் கல் உடைத்தும் சுண்ணாம்பு குழைத்தும் தேய்ந்துபோன விரலின் ரேகையைக் கருவி சில வேளை அறிந்துகொள்வதில்லை. உழைக்காத கையை உடனே அறியும் கருவி, உழைத்த கையை ஐயுறுகின்றது! கருவிக்குச் சாதி இல்லை என்பர், உண்மையே. ஆனால் எந்தக் கையை மனத்தில் கொண்டு அது செய்யப்பட்டது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

அலுவலகமும் பதிவேடும்

அலுவலகத்திற்குள் கால் வைப்பதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது. சென்ற தலைமுறையினர் நன்கறிந்த செய்தி இது. 1924 இல் சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் குளங்களிலும் பொது அலுவலகங்களிலும் எவரும் தடையின்றிச் செல்லலாம் என்று அரசாணை பிறந்தது. அலுவலகம் என்னும் சொல் அவ்வாணையில் இடம்பெற வேண்டியிருந்தது என்பதே அன்றைய நிலைக்குச் சான்று.

ஆவணம் நம் பக்கம் நின்று வென்ற வரலாறும் உண்டு. மகாராட்டிரத்தின் மகாடு நகராட்சி 1924 இல் சவதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. 1927 மார்ச்சு 20 இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அக்குளத்து நீரைப் பருகினர். தீண்டத்தகாதவர் அந்நீரைத் தொடாதிருப்பதே தொன்றுதொட்ட வழக்கம் என்று கூறி எதிர்த்தரப்பார் வழக்குத் தொடுத்தனர். 1937 மார்ச்சு 17 இல் பம்பாய் உயர்நீதிமன்றம், அவ்வாறு நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம் ஒன்று இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. குளம் நகராட்சியின் உடைமை. எதிர்த்தரப்பார் பெரிதாகப் பேசிய வழக்கத்திற்கோ சான்று இல்லை. நமக்கெதிராக நெடுங்காலம் நின்ற சான்று என்னும் வாள், எடுத்தாளத் தெரிந்தவர் கையில் நமக்காகவும் சுழன்றது.

அவ்வாறு எடுத்தாள முடியாமல் இழந்ததே பஞ்சமி நிலம். 1891 இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை தந்தார். அதன் விளைவாக 1892 இல் வெளிவந்த ஆணைப்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் நிலம் வழங்கப்பட்டது. முதற் பத்தாண்டுகள் விற்றலோ அடகு வைத்தலோ கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோர்க்கே அன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது. இத்தனை தெளிவான நிபந்தனை இருந்தும் நிலம் கை மாறியது எங்ஙனம்? நிபந்தனை பதிவேட்டில் இருந்தது. பதிவேடோ கர்ணத்தின் வீட்டில் இருந்தது. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் தமிழ்நாட்டில் 1980 நவம்பரில்தான் ஒழிக்கப்பட்டன. அதுவரை ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் உடைமை போலவே இருந்துவந்தது.

1980களில் நில உடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது நிபந்தனைக் குறிப்புகள் விடுபட்டுவிட்டன என்று பல ஊர்களில் முறையீடுகள் எழுந்தன. 1994 அக்டோபரில் செங்கற்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளர்ந்தெழுந்த மக்களுள் இருவர் துப்பாக்கிச் சூட்டின் விளைவாக உயிர் நீத்தனர். அப்பதிவேடுகளே பின்னர்க் கணினியில் ஏறின. இன்று பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தபடியே கணினியில் காண முடிகிறது. கர்ணத்தின் திண்ணையில் காத்துக்கிடந்த தலைமுறைக்கு இது கனவாகவே தோன்றியிருக்கும். எனினும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கணினி தனக்குத் தரப்பட்டதையே காட்டும். ஏட்டில் விடுபட்ட ஒரு குறிப்பு கணினியிலும் விடுபட்டே இருக்கும். முன்னை மைக் கறையும் அடித்தல் திருத்தலும் காட்டிக்கொடுத்த பிழையை, இன்று அழகிய அச்செழுத்து மறைத்துவிடும். ஆகவே கணினி காட்டும் பட்டாவோடு நின்றுவிடாமல், பழைய 'அ' பதிவேட்டையும் நில ஒப்படை ஆணையையும் தேடிப் படிக்க வல்லவர் நம்மிடையே தோன்றுதல் வேண்டும். 2005 ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அதற்குரிய திறவுகோல்.

ஒலியும் ஒளியும் சாட்சி கூறிய கதை

1968 திசம்பர் 25 ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் பெண்டிர், குழந்தையர், முதியோர் உள்ளிட்ட 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து சாம்பலாயினர். கண்ணால் கண்டவர்கள் வந்து சாட்சி கூறினர். கீழமை நீதிமன்றம் தண்டித்தவர்களை 1970களில் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெருநிலம் உடைய மிராசுதார்கள், அதிலும் கார் வைத்திருப்பவர், தாமே நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்று நம்புதல் அரிது என்பது அத்தீர்ப்பின் கருத்து. கார் என்பது ஓர் எந்திரம். அதனை உடைமையாகப் பெற்றிருத்தலே ஒருவருக்கு நற்சான்றாயிற்று. தீயிலிருந்து தப்பிய கூலிகளின் சொல்லுக்கு அந்த நிறை கிட்டவில்லை.

அந்த இரவில் அங்கே ஒளிப்பதிவுக் கருவி ஒன்று இருந்திருப்பின்? இவ்வினா எழுவது இயல்பு. கருவியின் சாட்சியத்தை வழக்குமன்றம் எவ்வாறு ஏற்கத் தொடங்கியது என்பதை இவ்விடத்தில் காண்போம்.

ஒலிநாடாவில் பதிந்த பேச்சு சான்றாகலாம் என்பதை 1963 இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் ஏற்றது. 1967 இல் கையூட்டு வழக்கொன்றில், நிகழ்ச்சியின் ஒளிப்படம் போன்றதே பேச்சின் ஒலிப்பதிவு என்று அது விளக்கிற்று. 1985 இல் வந்த தீர்ப்பு, குரல் இன்னாருடையது என அறியப்படல், பதிவில் கைவைக்கப்படாமை, நாடா முத்திரையிட்டுக் காக்கப்படல், பேச்சு தெளிவாகக் கேட்டல் முதலிய நிபந்தனைகளை வகுத்தது. கருவி பொய் சொல்லாது. ஆனால் கருவியைக் கையாள்வோர் பொய் சொல்லக் கூடும் என்பதே இந்நிபந்தனைகளின் உட்பொருள்.

2000 அக்டோபர் 17 இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சாட்சியச் சட்டத்தில் 65-ஆ என்னும் பிரிவு புகுத்தப்பட்டது. கணினிப் பதிவின் நகலை முன்வைப்போர், அஃது எக்கருவியில் எவ்வாறு உருவாயிற்று என்று கூறும் சான்றிதழையும் இணைத்தல் வேண்டும். 2014 இல் கேரளத் தேர்தல் வழக்கொன்றில், சான்றிதழின்றி முன்வைத்த குறுந்தகடுகளை உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2020 சூலையில் மகாராட்டிரத்தின் சால்னா தொகுதித் தேர்தல் வழக்கில் இவ்விதி மேலும் தெளிவாயிற்று. தேர்தல் அலுவலர் அறையின் ஒளிப்பதிவுக்குச் சான்றிதழ் தருமாறு பலமுறை கேட்டும் அதிகாரிகள் தரவில்லை. நகலுக்குச் சான்றிதழ் இன்றியமையாதது. மூலக் கருவியையே அதன் உடைமையாளர் கொண்டுவந்து சாட்சிக் கூண்டேறி மெய்ப்பித்தால் சான்றிதழ் வேண்டுவதில்லை. சான்றிதழ் தர மறுப்போர்க்கு ஆணையிடுமாறு வழக்குமன்றத்தை வேண்டலாம் என்று அத்தீர்ப்பு வழிகாட்டிற்று.

2024 சூலை முதல் நாள் 1872 ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்று, பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறைக்கு வந்தது. அதன் 63 ஆம் பிரிவின்படி தரப்பட வேண்டிய சான்றிதழில், முன்வைப்பவர் நிரப்பும் பகுதியும் வல்லுநர் நிரப்பும் பகுதியும் உள்ளன. கோப்பின் 'ஹேஷ்' மதிப்பையும் அதில் குறித்தல் வேண்டும். கோப்பிலுள்ள செய்தி முழுவதையும் கணக்கிட்டு எழுத்தும் எண்ணுமாகப் பெறும் ஒரு நீண்ட தொடர் அது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அத்தொடர் மாறிவிடும். மனிதனுக்கு விரல் ரேகை எப்படியோ, கோப்புக்கு அஃது அப்படி. எர்செல் பிடித்த பெருவிரல் இன்று கணினிக் கோப்புக்கும் வந்துவிட்டது எனலாம்.

இக்கருவிகளால் நம் மக்கள் பெற்ற பயன் சிறிதன்று. 2015 சூன் 23 இல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் இருப்புப்பாதையில் அவருடைய உடல் கிடந்தது. வழக்கு நடந்தபோது, அன்று அவருடன் இருந்த முதன்மைச் சாட்சி பிறழ்ந்தார். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் 10 பேருக்கு வாழ்நாள் சிறை விதித்தது. 2023 சூனில் சென்னை உயர்நீதிமன்றமும் முதன்மைக் குற்றவாளி உள்ளிட்டோரின் தண்டனையை உறுதி செய்தது. அப்பதிவு தானே நடந்து வழக்குமன்றம் ஏறவில்லை. மகனை இழந்த ஒரு தாயின் தளராத உறுதியும், சான்றைச் சட்டப்படி முன்வைத்த வழக்கறிஞரின் திறமும் அதனைச் சுமந்து சென்றன.

இல்லத்தின் நான்கு சுவர்கள்

தீண்டாமை ஒரு காலத்தில் தெருவிலும் கிணற்றடியிலும் வெளிப்படையாக நின்றது. இன்று அது பல இடங்களில் வீட்டின் உள்ளும் அலுவலக அறையினுள்ளும் கைப்பேசியிலும் ஒளிந்து வாழ்கின்றது. 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல் பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்கிறது. 'பொதுப் பார்வை' என்னும் இவ்விரு சொற்களின் பொருளை ஒட்டியே பல வழக்குகள் வென்றன, வீழ்ந்தன.

2008 இல் உச்சநீதிமன்றம், வீட்டு வாயிலில் பிறர் காணவும் கேட்கவும் நிகழ்ந்த இழிவு பொதுப் பார்வைக்குட்பட்டதே என்றது. 2020 நவம்பரில் உத்தரகாண்டு வழக்கில், பிறர் எவரும் இல்லாத வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்தது அவ்வாறாகாது என்றது. 2025 சனவரியில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் தம் அலுவலக அறையில் இழிவுபடுத்தப்பட்டதாகத் தொடுத்த வழக்கிலும் அவ்விதியே பொருந்தியது. நிகழ்ந்த நேரத்தில் பொதுமக்கள் எவரும் அங்கில்லாமையால் வழக்கு நீக்கப்பட்டது. அலுவலக நாற்காலியில் நம்மவர் அமர்ந்த பின்னும், கதவு சாத்தப்பட்டால் சட்டத்தின் கண் சாத்தப்படுகிறது என்று சிலர் வருந்துவதற்கு இடம் இருக்கிறது.

இதற்கு மறுதலையாக, 2022 சூலையில் கேரள உயர்நீதிமன்றம் இணையத்தைப் பொதுப் பார்வைக்குட்பட்ட இடமாகக் கொண்டது. இணையத்தில் ஏற்றிய இழிசொல்லை ஒருவர் காணுந்தோறும், இழிவுக்குள்ளானவர் அங்கே இருப்பதாகவே கருதலாம் என்பது அதன் கருத்து. சுவர் சூழ்ந்த அறை பொதுவிடம் அன்று. ஆனால் அவ்வறையிலிருந்து கைப்பேசி வழியே ஊருக்கு அனுப்பிய சொல் பொதுவிடத்தில் நிற்கிறது! கருவி மாறும்போது சட்டச் சொல்லின் எல்லையும் மாறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இழிசொல் வந்த செய்தியைச் சினத்தால் அழித்துவிடுவது நம்மவர் பலரின் இயல்பு. அழித்தவர் தம் வழக்கின் முதுகெலும்பையே அழித்தவராவர்.

வழக்குமன்றத்தைப் பார்க்கும் கண்

வழக்குமன்றமும் தன்னையே கருவியின் முன் நிறுத்திக்கொண்டது. 2003 இல் காணொலி வழியே சாட்சியம் பதியலாம் என உச்சநீதிமன்றம் இசைந்தது. 2022 செப்டம்பரில் அதன் அரசியல் சட்ட அமர்வின் நடவடிக்கைகள் நேரலையாக ஒளிபரப்பாயின. இவற்றினும் நமக்கு நெருக்கமானது, 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் 15-அ பிரிவு. அதன் 10 ஆம் உட்பிரிவின்படி, இச்சட்டத்தின்கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தும் ஒளிப்பதிவு செய்யப்படுதல் வேண்டும். சாட்சி அச்சுறுத்தப்படுவதையும் பிறழச் செய்யப்படுவதையும் தடுக்க எழுந்த அரண் இது. கேட்பார் இல்லாத இடத்தில் சட்டம் ஏட்டிலேயே துயிலும். இவ்வுரிமையைக் கேட்பவர் முதலில் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

கருவி இருந்தும் காப்பார் இல்லாவிடில் என்னாகும் என்பதற்குச் சான்று, 2020 சூன் மாதத்துச் சாத்தான்குளம் நிகழ்ச்சி. காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவைச் சேமிக்கப் போதிய இடமும் இருந்தது. ஆனால் நாள்தோறும் பதிவு தானே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தது என்பதை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் அறிந்து பதிவு செய்தார். அதே ஆண்டு திசம்பரில், காவல் நிலையங்கள் அனைத்திலும் கேமரா பொருத்திப் பதிவுகளைக் காக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கண் இருந்தால் போதாது. கண்டதை நினைவில் வைத்தலும் வேண்டும் என்பதே அவ்வாணையின் பொருள்.

நாம் கற்க வேண்டுவது

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவது ஒன்றே. ஓலை முதல் கணினி வரை எக்கருவியும் தன்னளவில் நமக்குப் பகையுமன்று, நட்புமன்று. அடிமை ஓலையில் நம் முன்னோர் எழுதப்பட்டனர், எழுதவில்லை. கைரேகைச் சட்டத்தில் எளியோர் பதியப்பட்டனர், பதிவேட்டைப் படிக்கவில்லை. மகாடு வழக்கிலோ நம்மவர் தலைவர் சட்டம் கற்றவர். சான்று என்பது என்ன என்று அறிந்தவர். வேறுபாடு அங்கேதான் உள்ளது.

ஆகவே நம் கழகத்தின் மாணவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தலோடு, ஆவணத்தைப் படிக்கும் கல்வியையும் கற்பித்தல் வேண்டும். ஊருக்கு ஒருவரேனும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் நில ஒப்படை ஆணையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவராகட்டும். கொடுமை நிகழ்ந்த இடத்தில் எடுத்த ஒளிப்பதிவைப் பலர்க்கும் பரப்புவதோடு நில்லாமல், எடுத்த கைப்பேசியையே அழியாமல் காக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் இளைஞரும் அறியட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் கட்டணமின்றித் தரப்பட வேண்டியது என்பதையும், தாழ்த்தப்பட்டோர்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவியை 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டம் வழங்குகிறது என்பதையும் ஒவ்வொரு தாயும் அறியட்டும்.

நம் பாட்டனார் மை தோய்த்த விரலை நீட்டி, எதில் பதிகிறோம் என்று அறியாமல் பதிந்தார். நம் பெயரனும் பெயர்த்தியும் ஒளிரும் திரையில் விரலை வைக்கின்றனர். எதில் வைக்கிறோம் என்று படித்தறிந்து வைப்பார்களாயின், அந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இக்கழகம் கண்ட 25 ஆண்டு உழைப்பு பயன் பெற்றதாகும். படிக்காமல் வைப்பார்களாயின், மையின் நிறம் மாறியதன்றி வேறொன்றும் மாறவில்லை என்றே எண்ண வேண்டியிருக்கும். அந்நிலை வாராமற் காப்பது நம் கடன்.